பட்டாபியின் வெள்ளைப் பினாயில்

பட்டாபிராமன் முப்பத்தாறு வருஷம் டெல்லியில் மத்திய சர்க்காரில் குப்பை கொட்டினார். என்ன உத்தியோகம் என்று யாராவது கேட்டால், "அட்மினிஸ்ட்ரேஷன்" என்பார். கேட்டவர், இந்த மனிதர் ஏதோ ஒரு மூலையில் ராஜ்யபாரம் நடத்தியிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு போவார். உண்மை அவர் மனைவி ருக்மிணிக்குத்தான் தெரியும். கடைசிப் பதினோரு வருஷம் அவர் ஆண்டது நாலே நாலு விஷயங்களை: துடைப்பம், தூசி தட்டும் துணி, சோப்பு, பினாயில். அதிலும் முதல் மூன்றில் அவருக்குப் பெரிய பிடிப்பு கிடையாது. பினாயில்தான் உயிர்.

அந்த ஆபீசில் பினாயில் இரண்டு வகை. கடைநிலை ஊழியர்களின் கழிப்பறைக்குக் கறுப்பு, அண்டர் செக்ரெட்டரியும் அதற்கு மேலும் உள்ளவர்களின் கழிப்பறைக்கு வெள்ளை. எந்தக் கதவுக்குள் எந்த நிறம் என்று குறிப்பு எழுதி, அதை மேலே அனுப்பி, ஏழு கையெழுத்து வாங்கித் திரும்பக் கீழே இறக்கியதுதான் பட்டாபி தன் ஆயுளில் முடித்த ஒரே காரியம். ஒரு தடவை வெள்ளை தீர்ந்துபோய், ஜாயின்ட் செக்ரெட்டரியின் கழிப்பறையில் கறுப்பை ஊற்றிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் தட்டில் கை வைக்கவில்லை.

"ருக்கு, ஒரு ஸிஸ்டமே போயிடுத்து" என்றார்.

ருக்மிணி அவர் தட்டிலிருந்த அப்பளத்தையும் எடுத்துத் தானே தின்றாள்.

தொண்ணூற்று நாலில் ரிடையர் ஆனார். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கூட வேலை பார்த்தவர்கள் மயூர் விஹாரில் சொஸைட்டி ஃப்ளாட் எடுத்துக்கொண்டு போனார்கள். பட்டாபி மட்டும் போகவில்லை. "ஃப்ளாட்டாவது ஒண்ணாவது. ஆகாசத்துல தொங்கற அலமாரி. மனுஷனுக்குக் காலடியில மண்ணு வேண்டாமா?" என்றார். செருப்பில்லாமல் வாசல் வரைகூடப் போகாத மனிதர் மண்ணைப் பற்றிப் பேசியது ருக்மிணிக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் கேட்பாரில்லை. நஜஃப்கட்டையும் தாண்டி, காலிஃப்ளவர் வயலை மூடி மனை போட்ட இடத்தில், 'பத்மாவதி என்கிளேவ்' என்று ஒரு தகரப் பலகைக்குப் பின்னால் இருநூறு கஜம் வாங்கி வீடு கட்டினார். பஸ்ஸை விட்டு இறங்கி அரை மணி நடந்தால் பலகை தெரியும். பலகையைத் தாண்டினால் எருமை தெரியும்.

சாக்கடைக் குழாய் வரப்போகிறது என்று தேர்தலுக்குத் தேர்தல் ஒரு வேட்பாளன் வந்து சொல்லிவிட்டுப் போவான். அதுவரைக்கும் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். வாசல் பக்கம் மண்ணுக்குள் செங்கல்லால் கட்டிய இரண்டறைத் தொட்டி, மேலே இரும்பு வளையம் வைத்த மூன்று கான்கிரீட் மூடிகள், தெளிந்த தண்ணீர் வழிந்து மண்ணில் இறங்குவதற்குப் பக்கத்தில் ஒரு குழி. வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். "நாலு வருஷத்துக்கு மூடியைத் திறக்கவே வேண்டாம் பாபுஜி" என்று கொத்தனார் சொல்லிவிட்டுப் போனான்.

ஒன்பதாவது மாதமே நிரம்பிவிட்டது.

நிரம்பாமல் என்ன செய்யும்? காலையில் குளித்ததும், சந்தியாவந்தனத்துக்கு உட்காருவதற்கு முன்னால், பட்டாபி கழிப்பறையில் ஒரு தம்ளர் வெள்ளைப் பினாயில் ஊற்றுவார். மத்தியானம் ஒன்று. சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன் ஒன்று. சனிக்கிழமை தோறும் எதிர்வீட்டு வேலைக்காரனைக் கூப்பிட்டு மூடியைத் தூக்கச் சொல்லி, அரைக் கேனைத் தொட்டிக்குள்ளேயே கவிழ்ப்பார். கறுப்பு அவர் வீட்டுக்குள் நுழையவே முடியாது. தன் கழிப்பறையைத் தானே அண்டர் செக்ரெட்டரிக்கு மேல் உயர்த்திக்கொண்டு விட்டார்.

தொட்டியைக் காலி செய்யப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தரம்பால் வருவான். டிராக்டருக்குப் பின்னால் ஒரு இரும்பு டேங்கர், அதில் ஒரு பம்பு, யானைத் துதிக்கை கனத்தில் ஒரு குழாய். குழாயை உள்ளே விட்டு எஞ்சினை முடுக்கினால் அரை மணியில் வேலை முடிந்தது. பட்டாபிக்கு முடியாது. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, பத்தடி தள்ளி நின்று, "அவ்ர் நீச்சே, அவ்ர் நீச்சே" என்று, குழாயை இன்னும் கீழே விடச் சொல்லி அதட்டிக்கொண்டே இருப்பார். அடியில் ஒரு கரண்டிக் கசடு இருக்கக் கூடாது. சுவரைப் பைப்பு வைத்து அடித்துக் கழுவ வேண்டும். அப்புறம் ஒரு முழுக் கேன் வெள்ளை. குனிந்து பார்த்தால் தன் முகம் தெரிய வேண்டும் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. முடிந்ததும் உள்ளே போய், 'டேங்க் – பொது' என்று எழுதிய ஃபைலில் தேதி போட்டுக் குறிப்பு எழுதி, கீழே தானே கையெழுத்திட்டு, தானே பார்வையிட்டதாகவும் கையெழுத்திடுவார்.

முதல் தடவை ஒன்பது மாதம். அடுத்தது ஆறு. அதற்கப்புறம் நாலு மாதத்துக்கு ஒரு தரம் தரம்பால் வந்தான். பட்டாபி யோசித்து, டோஸைக் கூட்டினார்.

தொண்ணூற்று ஏழில் மகள் மாதுரிக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளை சந்திரசேகரும் அவன் அப்பா அம்மாவும் மயூர் விஹாரிலிருந்து முதல் நாளே வந்துவிட்டார்கள். விடியும் முன்னே எண்ணெய் தேய்த்துக்கொண்டு மாப்பிள்ளை குளிக்கப் போனான். இரண்டாவது சொம்பு தலையில் விழுவதற்குள், தண்ணீர் போக வேண்டிய துளையிலிருந்து தண்ணீர் மேலே வர ஆரம்பித்தது. தண்ணீர் மட்டும் என்றால் பரவாயில்லை. சீயக்காய் கண்ணில் எரிய, இடுப்புத் துண்டோடு, ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்ற பிள்ளையைச் சம்பந்தி ராஜம் மாமி பார்த்தாள். பட்டாபி ஓடிவந்து ஒரு தம்ளரை மாப்பிள்ளையின் காலடியில் ஊற்றினார்.

"பயப்படாதேள் மாப்பிள்ளை. வெள்ளைதான்."

ராஜம் மாமி அன்றைக்குப் பட்சணத்தைத் தொடவில்லை.

மறு வருஷம் கார்த்திகையில் மாதுரி உண்டாகியிருக்கும் சேதி வந்தது. தலைப் பிரசவம், அம்மா வீட்டில்தானே நடக்க வேண்டும். ருக்மிணி அன்றைக்கே பழைய புடவைகளை எடுத்துத் தூளிக்கும் துணிக்குமாகக் கிழிக்க ஆரம்பித்தாள். வயலுக்கு நடுவில் எருமையைப் பார்த்துக்கொண்டு நாலு வருஷம் கிடந்தவளுக்கு வேறு ஆசை இருக்கவில்லை. மூன்று மாதம் மகள் கையருகில் இருப்பாள், வீட்டில் ஒரு குழந்தை அழும், அவ்வளவுதான். மறுநாள் ராஜம் மாமி போன் பண்ணினாள்.

"தப்பா எடுத்துக்காதேள் மாமி. உங்காத்து பாத்ரூமை நெனைச்சா எனக்கே வயத்தைப் பொரட்டறது. மாதுரி ரெண்டு உயிரா இருக்கா. எங்காத்துல மூணாவது மாடின்னாலும் ஒரு தடவை ஃப்ளஷ் பண்ணினா போன எடம் தெரியாது."

எங்கே போகிறது, நேரே யமுனைக்குத்தான் போகிறது, ஊரார் தலையில் கொட்டிவிட்டு இதில் பெருமை வேறா என்று ருக்மிணி நினைத்தாள். வாயால் சொன்னது, "சித்திரைக்குள்ள சரியாயிடும் மாமி."

"சித்திரை ஒண்ணாந் தேதி கழிச்சு நானே வந்து பாக்கறேன். நன்னா இருந்தா அழைச்சுண்டு போங்கோ. இல்லேன்னா பிரசவம் இங்கதான். அதுக்கப்புறம் என்னைச் சொல்லப்படாது."

ருக்மிணி விரல் விட்டுப் பார்த்தாள். தொட்டி இந்த மார்கழியில் நிரம்பும். காலி செய்தால் மறுபடி நாலு மாதம். சரியாகச் சித்திரையில், ராஜம் மாமி வந்து நிற்கும் நேரத்தில், பொங்கிக்கொண்டு எழும்.

மார்கழியில் தரம்பால் வந்த அன்றைக்கு, பட்டாபி பென்ஷன்காரர்கள் சங்கத்தின் கூட்டத்துக்குக் கோல் மார்க்கெட் போயிருந்தார். கைக்குட்டை கட்டிய மேற்பார்வை இல்லை. தரம்பால் நிம்மதியாக ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு குழாயை இறக்கினான். பாதி உறிஞ்சியதும் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"மாதாஜி, இந்த ஊர்ல நாப்பது தொட்டி பாக்கறேன். எல்லாத்துலயும் உள்ள விழுந்தது கரைஞ்சு, கொழகொழன்னு கறுத்து, குமிழி விடும். உங்க தொட்டியில போட்டது போட்டபடி இருக்கு. ஆஸ்பத்திரி வாடை வேற. இதுக்குள்ள ஒரு உயிர் இல்ல. எல்லாம் செத்துப் போச்சு."

"எதனால?"

"அது பாபுஜியைக் கேக்கணும்." அவன் சிரித்தான். "நான் கேக்க மாட்டேன். வருஷத்துல மூணு தடவை கூப்பிடற வீட்டை யாராவது கெடுத்துப்பானா? ஆனா இன்னிக்கு அவர் இல்ல. அடியில ஒரு சாண் கசடு விட்டுட்டுப் போறேன். மத்த வீட்லயெல்லாம் அப்படித்தான் விடுவோம். சுத்தமா வழிச்சா, புதுசா விழறதைக் கரைக்க உள்ள என்ன இருக்கும்?"

அடியில் கொஞ்சம் விடுவதா? ருக்மிணிக்கு உடனே புரிந்துவிட்டது. நேற்றைய தயிரில் ஒரு ஸ்பூன் எடுத்து வைக்காமல் நாளைக்கு எப்படித் தோய்ப்பது? அதோடு இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. போன தையில் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று பட்டாபி கிரைண்டரைப் பினாயில் போட்டுக் கழுவி வைத்தார். அன்றைக்கு அரைத்த இட்லி மாவைக் கம்பளி சுற்றி அடுப்புப் பக்கத்தில் வைத்தும், மூன்று நாள் அசையாமல் பிணம் மாதிரிக் கிடந்தது. டெல்லிக் குளிர்தான் காரணம் என்று இரண்டு பேரும் குளிரைத் திட்டினார்கள். குளிர் என்ன பண்ணும் பாவம்.

கூட்டம் முடிந்து வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"ஏன்னா, தொட்டிக்குள்ள பூச்சி புழு கிருமின்னு இருந்தாத்தான் எல்லாம் கரையுமாம். நீங்க ஊத்தற பினாயில்ல அதெல்லாம் செத்துடறது. அதான் சீக்கிரம் ரொம்பறது."

பட்டாபி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். செக்‌ஷனுக்குப் புதிதாக வந்த கிளார்க்கைப் பார்க்கிற பார்வை.

"யார் சொன்னா?"

"தரம்பால்."

"அவன் எது வரைக்கும் படிச்சிருக்கான்?"

"அவன் படிக்கலை. தொட்டி பாத்திருக்கான்."

"ருக்கு, பினாயில் டின்ல என்ன போட்டிருக்கு? கிருமி நாசினி. கிருமியை நாசம் பண்றதுக்குத்தான் அதை வாங்கறோம். கிருமி வேணும்னு சொல்றவன் சுத்த மடையன். பதினோரு வருஷம் நான் அந்த ஸப்ஜெக்டை டீல் பண்ணியிருக்கேன். இதுக்கு எழுத்துல ஏதாவது அதாரிட்டி இருந்தா காட்டு, கன்ஸிடர் பண்றேன்."

அவள் எழுந்து போனாள். முப்பது வருஷமாக அந்தத் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவள். உள்ளே ஒன்றும் போகாது என்று தெரியாதா?

மறுநாள் காலை உலைக்கு அரிசி களையும்போது ருக்மிணி பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் தண்ணீர் நல்ல வெள்ளை, கெட்டியான வெள்ளை, ஜாயின்ட் செக்ரெட்டரிக்கே ஊற்றலாம். பட்டாபி குளிக்கப் போயிருந்தார். பின்கட்டில் இருந்த பினாயில் கேனை எடுத்துப் போய் அடுத்த காலி மனையில் எருக்கம் புதர் மேல் கவிழ்த்தாள். கேனை அலம்பவில்லை, வருஷக் கணக்கில் ஊறிப்போன அந்த வாடை அதை விட்டுப் போகவே போகாது. அரிசி கழுவிய தண்ணீரை அதில் நிரப்பி, மூடியைத் திருகி, இருந்த இடத்தில் இருந்தபடி வைத்தாள்.

பட்டாபி வந்தார். தம்ளரில் அளந்தார். ஊற்றினார். வாய் முணுமுணுக்க, பூஜை அறைக்குப் போனார். சமையலறையில் நின்ற ருக்மிணிக்குத் தாலி கட்டிய நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவர் மேல் கொஞ்சம் பிரியம் வந்தது.

அன்றிலிருந்து தினம் காலையில் அதே வேலை. சில நாள் மாவுப் பாத்திரம் கழுவிய தண்ணீர், சில நாள் மோர்ப் பானை அலம்பியது. சனிக்கிழமை அரைக் கேன் கழுநீர் எதிர்வீட்டு வேலைக்காரன் சாட்சியாகத் தொட்டியில் இறங்கியது. ஃபைலில் 'அரைக் கேன், வெள்ளை' என்று குறிப்பும் ஏறியது. அது பொய்யில்லை.

மாசி மாதம் அந்தப் பக்கம் போன தரம்பாலை நிறுத்தி மூடியைத் தூக்கச் சொன்னாள். அவன் ஒரு மூங்கில் கழியை விட்டு எடுத்துப் பார்த்தான். கழியின் நுனியில் மட்டும்தான் கசடு. மேலே ஆடை கட்டியிருந்தது. நடுநடுவே சின்னச் சின்னதாகக் குமிழி வெடித்துக்கொண்டிருந்தது.

"உசுரு வந்துடுச்சு மாதாஜி" என்றான். குரலில் பாதி சந்தோஷம், பாதி வருத்தம். "நம்ம பொழப்பு போச்சு."

பங்குனி கடைசியில்தான் கண்டம் வந்தது. சம்பந்தி வருகிறாள் என்றதும் பட்டாபிக்கு ஆபீஸ் இன்ஸ்பெக்‌ஷன் ஞாபகம் வந்துவிட்டது. எங்கேயோ போய் அஞ்சு லிட்டர் கேன் மூன்று, ஸீல் உடைக்காததாக வாங்கிச் சுமந்துகொண்டு வந்தார்.

"நாளைக்குக் காத்தால மூணையும் டேங்க்ல ஊத்திடப் போறேன். ஸ்பெஷல் டோஸ். சம்பந்தி மாமி வரச்சே ஒரு கிருமி உயிரோட இருக்கப்படாது."

பதினைந்து லிட்டர். மூன்றரை மாதமாகக் கழுநீர் ஊற்றி வளர்த்த அத்தனையும் ஒரே காலையில் செத்துப்போகும். மாதுரி மயூர் விஹாரில் மூன்றாவது மாடியில் பிள்ளை பெறுவாள். ருக்மிணி கிழித்து வைத்த துணி மூட்டையைப் பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்ல யோசனைதான். அதுக்கு முன்னாடி ஐ.என்.ஏ. மார்க்கெட் போயிட்டு வந்துடுங்கோ. சம்பந்தி மாமிக்கு முருங்கைக்காய்னா உசிரு. நல்ல பிஞ்சு, சேப்பங்கிழங்கு, கொழுந்து வெத்தலை, நரசுஸ் காப்பிப்பொடி. எல்லாம் பாத்துப் பொறுக்கணும், வேற யாருக்கும் தெரியாது."

அவரைப் போல எவருக்கும் ஒன்றும் தெரியாது என்று சொன்னால் பட்டாபி லாகூர் வரைகூட நடப்பார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போகவர நாலு மணி நேரம். அதற்குள் மூன்று ஸீலையும் கத்தி முனையால் நெம்பி, மூன்று கேனையும் எருக்கம் புதருக்குப் படைத்தாள். அந்தப் புதர் அந்தக் கோடைக்கு முன்னாலேயே கருகிப் போனது. கேனுக்கு நிரப்ப அத்தனை கழுநீருக்கு எங்கே போவது? மூன்று படி அரிசியைக் களைந்தாள், முந்தின நாள் புளித்த கழுநீரையும் சேர்த்தாள், போதாததற்குத் தண்ணீரில் கொஞ்சம் அரிசி மாவைக் கரைத்து விட்டாள். ஸீலை மெழுகுவத்தியில் உருக்கி ஒட்டினாள்.

மறுநாள் காலை பட்டாபி முதல் கேனைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தார்.

"என்ன ருக்கு, ஒரு புளிச்ச வாடை அடிக்கறது?"

"புது மாதிரியா போட்டிருக்கான் போலருக்கு. மேல என்ன எழுதியிருக்குன்னு பாருங்கோ."

அவர் கேனைத் திருப்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். 'புதிய, மேம்படுத்தப்பட்ட' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. எழுத்தில் அதாரிட்டி இருக்கிறது. திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு மூன்று கேனையும் ஊற்றினார்.

ராஜம் மாமி வந்தாள். காப்பி குடிப்பதற்கு முன்னால் நேரே குளியலறைக்குப் போனாள். உள்ளே வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. ருக்மிணி கூடத்தில் முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டே எண்ணினாள். ஏழு வாளி. சத்தம் நின்றது. கத்தி அவள் கையில் நின்றது. கதவைத் திறந்துகொண்டு ராஜம் மாமி புடவைத் தலைப்பில் கை துடைத்தபடி வந்தாள். முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

"எல்லாம் போயிடுத்து" என்றாள். "வாடைகூட இல்லை."

"அதுக்கு ஒரு ஸிஸ்டம் இருக்கு மாமி" என்று பட்டாபி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு மணி நேரம் டோஸைப் பற்றிப் பேசினார். ராஜம் மாமி கொட்டாவியைக் கையால் மறைத்துக்கொண்டு, "சரி, சரி, மாதுரியை வர வெள்ளிக்கிழமை அழைச்சுக்கோங்கோ" என்றாள். தப்பிப்பதற்காகவே சீக்கிரம் சம்மதித்துவிட்டாள் என்று ருக்மிணிக்குத் தோன்றியது. அந்த வகையில் புருஷனும் ஒரு உபகாரம் செய்திருக்கிறார்.

ஆனியில் மாதுரிக்குப் பெண் பிறந்தது. பதினோராம் நாள் புண்ணியாஜனத்துக்கு முப்பது பேர் வந்து குளித்து, சாப்பிட்டு, கை கழுவிப் போனார்கள். தொட்டி மூச்சுக் காட்டவில்லை.

பட்டாபிக்குத் தலை கால் புரியவில்லை. டைப்ரைட்டரை எடுத்து வைத்து, 'பொருள்: செப்டிக் டேங்க் பராமரிப்பு – வெள்ளைப் பினாயிலின் அவசியம் – தொடர்பாக' என்று இங்கிலீஷில் ஒரு சுற்றறிக்கை அடித்து, என்கிளேவின் நாற்பது வீட்டுக்கும் தாமே கொண்டுபோய்க் கொடுத்தார். தினம் மூன்று தம்ளர், சனிக்கிழமை அரைக் கேன், காலி செய்யும்போது அடி வரை வழித்துக் கழுவுதல். ருக்மிணி பக்கத்து வீட்டுக்காரிகள் இரண்டு பேரிடம், அதெல்லாம் செய்யாதீர்கள் என்று ஹிந்தியில் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். "பாபுஜி டைப் அடித்தல்லவா கொடுத்திருக்கிறார்" என்றார்கள். அதற்கு மேல் அவளும் விட்டுவிட்டாள்.

அடுத்த வருஷத் தீபாவளிக்குள் தரம்பாலின் டிராக்டர் பத்மாவதி என்கிளேவை விட்டு வெளியே போகவே நேரமில்லாமல் ஆகிவிட்டது. இன்னொரு டிராக்டரும் வந்துவிட்டது. வாரா வாரம் அவன் ருக்மிணி வீட்டு வாசலில் ஒரு கூடை காலிஃப்ளவரை இறக்கி வைத்து, உள்ளே பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

"எதுக்குடி இவன் நமக்கு ஓசியில காய் கொண்டு வந்து போடறான்?" என்று பட்டாபி கேட்டார்.

"உங்க மேல ஒரு மரியாதை."

அவர் ஒத்துக்கொண்டார். எதிர்வீட்டு வாசலில் குழாய் இறங்கி எஞ்சின் உறுமுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பாரு, நம்மாத்துக்கு மட்டும் அவன் வரவேண்டியே இல்லை. மத்தவா டோஸைச் சரியா ஃபாலோ பண்றதில்லை ருக்கு. டிஸிப்ளின் கிடையாது."

"எல்லாராலயும் உங்களாட்டம் முடியுமா?" என்றாள் ருக்மிணி. விருந்துக்கு வந்திருந்த பேத்தியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அன்றைக்குக் காலையில் அரிசி களைந்த தண்ணீரைக் கேனில் ஊற்றி மூடியைத் திருகினாள்.